மாமா அனுப்பிய மஞ்சள் பாம்பு

அம்மாவின் கைப்பேசியில் அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ எலுமிச்சம்பழத் தோலை ஒரே சுருளாகச் சீவிக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு மஞ்சள். உற்றுப் பார்த்தபிறகுதான் அதன் கண் தெரிந்தது. சுருளின் நடுவில் தலையை வைத்துக்கொண்டு ஒரு பாம்புக்குஞ்சு. "இவனுக்கு வேற பொழப்பே கெடைக்கலையா" என்று அம்மா கைப்பேசியை என்னிடம் வீசாத குறையாகக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் பாம்பென்றால் ஆகாதுதான். ஆனால் மாமா அனுப்பியதாயிற்றே, பிடிக்காமல் போகுமா?

மாமா அம்மாவின் தம்பி. அவர்களுடைய தாய் தகப்பன் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா போர்வெல் வண்டியில் ஆந்திரா, கர்நாடகம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். மாமா இருந்தவரை வீட்டில் ஓயாமல் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். மலேசியாவில் ஒரு விலங்குப் பூங்காவில், பாம்புகளைப் பராமரிக்கும் வேலைக்கு அவர் போனபிறகு, அம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டு எழுவோம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. தனிமை என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று மட்டும் கோபம் கோபமாக வரும், ஏனென்றால் அன்றைக்குத்தான் மாமா கூப்பிடுவார்.

"இது பெருசானா பச்சையாயிரும் குட்டி" என்றார் அடுத்த ஞாயிறு. நான் நம்பவில்லை. ரீல் விடாதீங்க மாமா என்றேன். அவர் சிரித்தார். "மாங்கா பச்சையாக் காய்ச்சு மஞ்சளாப் பழுக்குது. இவ உல்டா. பழமாப் பொறந்து காயாவறா." பிறகு பொறுமையாக விளக்கினார். இது பச்சை மலைப்பாம்பு, மரத்திலேயே வாழ்கிற இனம். குஞ்சுகள் மஞ்சளாகப் பிறக்கும், சிலது செங்கல் நிறத்திலும் பிறக்கும். குஞ்சாக இருக்கும்போது காட்டின் ஓரத்தில், வெயில் விழுகிற தாழ்வான இடத்தில் இரை தேடுகிறது. அங்கே மஞ்சள்தான் அதை மறைக்கும். வளர்ந்தபிறகு உயரத்தில், இலைகளுக்கு நடுவே போய்விடுகிறது. அங்கே பச்சை மறைக்கும். "எடம் மாறுதில்ல, அதான் நெறமும் மாறுது. ஆளு அவளேதான்" என்றார். நீங்க எப்ப வருவீங்க என்று கேட்டேன். "இவ முழுசாப் பச்சையாவறதுக்குள்ள வந்துருவேன், போதுமா?"

அன்றிலிருந்து அந்தப் பாம்புதான் என் காலண்டர். ஒவ்வொரு ஞாயிறும் வரும் படத்தை விரலால் பெரிதாக்கி, எங்காவது பச்சை தெரிகிறதா என்று தேடுவேன். பல மாதங்கள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வாரம் முதுகில் சில செதில்கள் மட்டும் மங்கலான பச்சையாகத் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதுபோல அது திட்டுத்திட்டாகப் பரவ ஆரம்பித்தது. பச்சை கூடக் கூட எனக்கு ஒரே சந்தோஷம், கூடவே பயம். முழுசாக மாறிவிட்டு மாமா வராவிட்டால் என்ன செய்வது? மாமாவுக்குப் போன் போட்டு, அதற்கு இரை கொஞ்சமாக வையுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

பாம்பு பாதி மாறியிருந்த சமயத்தில் நான் வயதுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து குச்சு கட்ட வேண்டும். பெண் அந்தச் சின்னக் குடிசைக்குள்தான் உட்கார வேண்டும். அம்மாவுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. மாமா எப்படியோ விடுப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நான் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் கீற்றைச் சாத்திக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா வழி அத்தை ஒருத்தி, "குச்சு கட்டுன கையாலயே நாளைக்குத் தாலியும் கட்டிரு தம்பி" என்றாள். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காள் மகளைத் தம்பிக்குக் கொடுப்பது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. மாமாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தொலைந்துபோன சாவியைக் கண்டெடுத்தவள்போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளே மாமாவிடம் கல்யாணப் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். "படிப்பு முடியட்டும், என்ன அவசரம். பேச்சு மட்டும் நமக்குள்ள இருக்கட்டும். நீயும் ஊரோட வந்துரலாம்." மாமா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூங்காவில் கூப்பிடுகிறார்கள் என்று விடுப்பு முடியுமுன்பே கிளம்பிவிட்டார். பென்னாகரம் பேருந்து நிலையத்தில் என் தலையைத் தட்டிவிட்டுப் போவார் என்று நின்றேன். தட்டவில்லை. நான் போன மாதம் இருந்த அதே ஆள்தான். எனக்குள் எதுவும் மாறவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை வேறொருத்தியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதன்பிறகு பல வாரம் கழித்து ஒரே ஒரு படம் வந்தது. வெறும் இலைகள். எவ்வளவோ நேரம் தேடியபிறகுதான் இலைகளுக்கு நடுவே சுருண்டிருந்த பாம்பு கண்ணில் பட்டது. மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை, முதுகில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அங்கங்கே. மஞ்சளாக இருந்தபோது எந்தப் படத்திலும் அதை நான் தேட வேண்டியிருந்ததில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று பதில் அனுப்பினேன். அடுத்த ஞாயிறு மாமா கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவார், வைத்துவிடுவார். என்னிடம் கொடு என்று சொல்லமாட்டார். நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து அழுதிருக்கிறேன். பத்தாவது படிக்கும்போது அழுகை நின்று கோபம் வந்தது. அது ரொம்ப வருஷம் இருந்தது.

இப்போது தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பேருந்தில் போய்வருகிறேன். சேர்ந்த முதல் மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது, இண்டூர் தாண்டியதும் என்ன தோன்றியதோ, அவரைக் கூப்பிட்டுவிட்டேன். எங்களை எல்லாம் மறந்துட்டீங்களா மாமா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். அந்தப் பக்கம் கூண்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார். "மறப்பனா குட்டி. அக்கா எதுக்க ஒக்காந்து கேட்டா முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. சோறு போட்டு வளத்தவ. நீ நான் தூக்கி வளத்த கொழந்த. அதான் கண்ணுல படாம இங்கயே இருந்துட்டேன்." எப்பதான் வருவீங்க என்றேன். "உனக்கு வேற எடத்துல கல்யாணம் ஆவட்டும், மறுநாளே வர்றேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிராத, தாங்கமாட்டா." குட்டி என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது. பேருந்தில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

போன வாரம் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். பையன் கூச்சப்பட்டுக்கொண்டு காபியை ஆறவிட்டான். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அம்மா அவர்களைச் சிரித்த முகமாக வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, "அவ்ளோ தூரத்துல எல்லாம் குடுக்க முடியாது" என்றாள். இதற்கு முன் வந்த இண்டூர்ப் பையனுக்குப் பேச்சு சரியில்லையாம், அதற்கும் முன்னால் வந்தவன் குள்ளமாம். மலேசியா மட்டும் பக்கத்துத் தெருவா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். வந்தவர்கள் குடித்த டம்ளர்களை அவள் கழுவ, நான் வாங்கித் துடைத்தேன்.

"யாரு வந்தாலும் இப்படியே சொல்லி அனுப்பறியேம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என் தம்பி ஒரு நாளைக்கு வருவான். அன்னிக்கு நீ இந்த வூட்டுல இல்லன்னா, அப்புறம் அவன் எதுக்கு வர்றான்?"