சம்பந்தியின் எருமை

பெண்ணைக் கட்டிக்கொடுத்தவனுக்குச் சில விதிகள் உண்டு. எந்த அரசாணையிலும் அவை இல்லை. ஆனால் எந்த அரசாணையையும்விட ஒழுங்காக அமலில் இருக்கின்றன. மாப்பிள்ளையின் அப்பா ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அவர் தப்பான வழி சொன்னாலும் ஆட்டோவை அந்த வழியிலேயே விடச்சொல்ல வேண்டும். அவர் திடீரென்று படம் வரைய ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் முன்னுதாரணம் எதுவும் இல்லை.

நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மின் இணைப்புப் பெயர் மாற்றம் என்று எதுவானாலும் சேலையூரில் எங்கள் காலனிக்காரர்கள் முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், அதில் யார் கையொப்பமிட வேண்டும், அவர் எந்தக் கிழமையில் இருக்கையில் இருப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வுக்குப் பிறகு பறவைகளையும் விலங்குகளையும் வரையத் தொடங்கியபோது அதையும் முறைப்படிதான் தொடங்கினேன். கடினமான பென்சில் எல்லைக்கோட்டுக்கு, மென்மையானது நிழலுக்கு. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையில் பறவையின் தலையை அளந்து, உடம்பு எத்தனை தலை நீளம், கால் எத்தனை தலை நீளம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் கோடு. வார நாட்களில் தண்ணீர்த் தொட்டியின் மேல் காகம், படிக்கட்டில் பூனை, கேம்ப் ரோட்டில் நடுச்சாலையை வீடாக நினைக்கும் மாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணை சதுப்பு நிலம். காற்று குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து அடிக்காத நாட்களில் அது சொர்க்கம்.

சம்பந்திக்குத் தாம்பரம் மேற்கில் ஹார்டுவேர் கடை. இப்போது இளைய மகன் பார்த்துக்கொள்கிறான். மூத்தவன்தான் என் மாப்பிள்ளை. ஒரு பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நல்லாருக்கே சம்பந்தி, நானும் பண்ணட்டுமா?" என்றார், இன்னொரு வடை எடுத்துக்கொள்ளட்டுமா என்பதுபோல. எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதானே மரியாதை? சொன்னேன்.

அவர் எதையும் வாங்கவில்லை. கடையில் தச்சர்களுக்கு விற்கும் அந்தச் சிவப்புத் தட்டைப் பென்சில் ஒன்று, மாதம் கழிந்த காலண்டர் தாள்களின் பின்பக்கம், அவ்வளவுதான். சில வாரங்களில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் எருமை வந்து நின்றது.

அதற்கு மூன்று கால்தான் இருந்தது. இடது கொம்பு காதிலிருந்து முளைத்திருந்தது. முதுகில் நின்ற கொக்கு ஒரே கோடு. ஆனால் அந்த எருமை என்னைப் பார்த்து, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டது. அந்தக் கேள்வியை முப்பது வருஷம் மற்றவர்களிடம் கேட்டவன் நான். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் அதே குழுவில் நான் என் மஞ்சள்மூக்கு நாரையைப் போட்டிருந்தேன். சிறகு சிறகாக, பல நாள் உழைப்பு. ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் நான் கேட்ட பிறகு என் மனைவி போட்டது. எருமைக்கோ கோயம்புத்தூரிலிருந்து என் சொந்தத் தங்கை, "இது நம்ம பெரிய மாமா மாதிரியே முறைக்குது" என்று எழுதியிருந்தாள். குழுவே சிரித்தது. என் தங்கை!

எனக்கு அது வரைக்கும் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரைதான். இரண்டாவது மாத்திரை எருமைக்குப் பின் வந்தது.

அந்தச் சமயத்தில் மகளும் மாப்பிள்ளையும் பள்ளிக்கரணையில் புது ஃப்ளாட் வாங்கியிருந்தார்கள். 'ஏரி காட்சி' என்று விளம்பரத்தில் போட்டிருந்த கட்டடம். சதுப்பு நிலத்துக்குள்ளேயே கட்டிவிட்டானா என்று வில்லங்கம், சர்வே எண், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் நான்தான் சரிபார்த்தேன். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரே ஒரு பெரிய வெற்றுச் சுவர். அங்கே ஒரே ஒரு படம்தான் மாட்டப்போகிறேன் என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் நாரைதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெற்ற அப்பா, அதே சதுப்பு நிலத்துப் பறவை, சரியான கால்கள். வேறென்ன தகுதி வேண்டும்?

ஒரு நாள் போனில் சொன்னாள்: "அப்பா, மாமாகிட்ட அந்த எருமையைப் பெரிசா போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். ஹாலுக்கு."

"நல்லது" என்றேன். வேறு எதையும் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. அது மாப்பிள்ளை வீடு.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, எருமையோட போட்டி போட்டுத் தோத்த முதல் ரிட்டையர்டு சூப்பரின்டென்டென்ட் நீங்கதான்."

"போட்டியா? யாருக்குப் போட்டி? கொம்பு காதுலேர்ந்து வருது, அதைச் சொன்னேன்."

"நீங்க இப்ப எதுவுமே சொல்லலையே."

அடுத்த சோதனையையும் மகளே ஏற்பாடு செய்தாள். "மாமாவையும் ஞாயித்துக்கிழமை உங்களோட கூட்டிட்டுப் போங்கப்பா." ஆக, என் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் சம்பந்தி. மடக்கு ஸ்டூல்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு பெண்ணைப் பெற்றவன் முன்னால் நடக்க, பையனைப் பெற்றவர் தட்டைப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, போகிற வழியில் எல்லோரிடமும் நலம் விசாரித்தபடி பின்னால் வந்தார். அங்கே மேயும் எருமைகளுக்குச் சொந்தக்காரர், அந்தப் பக்கத்துப் பழைய குடும்பத்துக்காரர், என்னிடம் பல மாதங்களாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சம்பந்தி உட்கார்வதற்குள் இருவரும் பீடி, தீவனம், மருமகள் வரை போய்விட்டார்கள்.

உட்கார்ந்ததும் சம்பந்தி என்னிடம் கேட்டார்: "உங்க மாதிரி சுத்தமா போடணும் சம்பந்தி. எனக்கு முறையா சொல்லிக்கொடுங்களேன்."

கேட்டவருக்குச் சொல்வது கடமை. ஒரு வரிகூட மறைக்காமல் சொன்னேன். தலை நீளம், அளவு, எல்லைக்கோடு, பிறகு சிறகு, ஒவ்வொன்றாக. இத்தனை வேலை என்று தெரிந்தால் மனிதர் கடைக்கே திரும்பிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவர் திரும்பவில்லை. நல்ல பிள்ளையாகக் கையை நீட்டி, கண்ணை மூடி, நான் சொன்னபடியே அளந்தார். எருமைக்காரர் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னா சார், வூடு கட்றாப்ல அளந்துகினே கீறீங்க? அதுக்குள்ள அது எய்ந்து பூடும்."

எழுந்துதான் போனது. சம்பந்தி அடுத்ததை அளந்தார்.

வாராவாரம் அவர் படங்கள் சரியாகிக்கொண்டே வந்தன. நான்கு கால்கள் வந்தன. கொம்புகள் உரிய இடத்துக்குப் போயின. அவருடைய நீலத் தாழைக்கோழியும் என் தாழைக்கோழியும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன. இரண்டுமே அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்தவை மாதிரி இருந்தன என்பதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அவை மிக அழகாகத் தெரிந்தன. குடும்பக் குழுவில் அவர் படங்களுக்கும் ஒரு கட்டைவிரல்தான் வரத் தொடங்கியது. என் தங்கை வாயே திறக்கவில்லை. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இரண்டாவது மாத்திரையை டாக்டர் நிறுத்தினார்.

கிரகப்பிரவேசத்துக்குக் கொஞ்சம் முன்னால் மகள் மறுபடி கூப்பிட்டாள். குரலில் உற்சாகம் இல்லை. "எருமை வேண்டாம்னு மாமா சொல்லிட்டார்ப்பா. அது தப்புத் தப்பா இருக்காம். உங்கப்பா நாரைதான் முறையான படம், அதையே மாட்டுன்னு அடம்பிடிக்கிறார்."

"அவருக்கு விஷயம் தெரியும்" என்றேன். அந்த வாக்கியத்தை நான் மனதாரச் சொன்னது அதுதான் முதல்முறை.

நாரை ஹாலில் ஏறியது. விசேஷத்தன்று பால் காய்ச்சிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் அந்தச் சுவர் அருகிலேயே நின்றேன். வந்தவர்கள் படத்தைப் பார்க்காவிட்டால் பார்க்கும்படி நகர்ந்து நின்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "போட்டோவா?" என்று கேட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று அன்று நினைத்தேன். சம்பந்தி பந்தியிலிருந்து உரக்கச் சொன்னார்: "எங்க சம்பந்தி போட்டது! ஒரு இறகு விடல பாருங்க!" சாம்பார் வாளியோடு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு. சதுப்பு நிலத்தில் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு கொக்கை அளந்துகொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. காலனியில் யாருக்கோ மின் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டும். விளக்கிக்கொண்டே சாலை வரை நடந்துவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தை நான் சுருக்கமாகச் சொல்வதில்லை. திரும்பி வரும்போது தூரத்திலேயே எருமைக்காரரின் சிரிப்பு கேட்டது.

"த்தோ பார்யா! எப்டி மொறைக்கிது! என் பொண்டாட்டிக்குக் காட்டணும், இரு, ஒரு போட்டோ புட்ச்சிக்கிறேன்."

சம்பந்தியின் மடியில் காலண்டர் தாள். தட்டைப் பென்சில் தாளைவிட்டு எழாமல் ஓடியது. கையை நீட்டவில்லை, கண்ணை மூடவில்லை. தாளைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சேற்றில் கிடந்த அந்தக் கிழட்டு எருமை, உலகத்தின்மேல் உள்ள அத்தனை அலுப்போடும், ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் தாளுக்கு வந்துவிட்டது. காதை ஆட்டப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் சம்பந்தி தாளைத் தொடைக்கடியில் செருகினார், வாத்தியாரிடம் பீடியோடு மாட்டிக்கொண்டவர்போல. எருமைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்தார்.

"அது என்ன?" என்றேன்.

"சும்மா சம்பந்தி. கை அரிச்சுது."

"அளக்காமலா?"

"எருமையை எங்க அளக்கறது? அது கோச்சுக்கும்."

"அப்ப இத்தனை நாளா எல்லாத்தையும் அளந்து அளந்து போட்டீங்களே?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "சொல்லிக்கொடுக்கறவர் பக்கத்துலயே உக்காந்துகிட்டு நம்ம இஷ்டத்துக்குக் கிறுக்கினா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மரியாதை பெண் வீட்டாருக்கு மட்டும் விதிக்கப்பட்ட வரி என்று அன்றுவரை நினைத்திருந்தேன். அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். கோப்பைப் பாதியில் மூடத் தெரியாதவன், கேட்டேன். "ஹாலுக்கு எருமையைக் கேட்டப்போ வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தானா?"

"அது வேற" என்றார். கொஞ்ச நேரம் பென்சில் முனையை நகத்தால் சுரண்டினார். பிறகு வியாபாரி சரக்கின் உண்மை விலையைச் சொல்வதுபோல நேராகச் சொன்னார். "என் எருமை அங்க தொங்கிச்சுன்னா, நீங்க ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்கு வரமாட்டீங்க சம்பந்தி. ஏதாவது ஒரு ஆபீஸ் வேலை சொல்லுவீங்க. பசங்க ஆளுக்கு ஒரு போனோட உக்காந்திருப்பாங்க. அப்புறம் எனக்குப் பேச்சுத்துணைக்கு அங்க யாரு?"

எருமையைப் பார்த்தேன். தாளில் இருந்ததையல்ல, சேற்றில் கிடந்ததை.

"காட்டுங்க அதை" என்றேன். தயங்கிக் கொடுத்தார். நெடுநேரம் வைத்திருந்தேன். "இடது கொம்பு கொஞ்சம் இறங்கியிருக்கு."

"இருக்கும்" என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

அதுவரை அவருடைய கைமேல்தான் எனக்குப் பொறாமை. கை என்பது பிறவியில் வருவது, அதற்கு மேல்முறையீடு கிடையாது என்று ஒருவாறு சமாதானம் செய்துகொள்ளலாம். வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு ஹார்டுவேர் வியாபாரக் கதை சொல்லிக்கொண்டுவந்த அந்த மனிதரின் இன்னொரு பகுதிமேலும் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரையே விட்டுக்கொடுத்துவிட்டு, விட்டுக்கொடுத்தது யாருக்கும் தெரியாதபடி பந்தியிலிருந்து என்னைப் புகழ்ந்து கத்தியிருக்கிறார். எனக்கு அது எந்தப் பென்சிலாலும் வராது. மாம்பாக்கம் சாலைச் சிக்னலில் நின்றபோது, இனிமேல் அளக்காமலே போடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு சிக்னல் தேவைப்பட்டது.

மறுவாரமே அவர் எருமைகள் குடும்பக் குழுவுக்குத் திரும்பிவிட்டன. என் தங்கையும் திரும்பிவிட்டாள். இரண்டாவது மாத்திரையும்.

நியாயமாகப் பார்த்தால் நாரையைக் கழற்றிவிட்டு அங்கே எருமையை மாட்டச் சொல்லி மகளிடம் நானே சொல்ல வேண்டும். ஆனால் அப்படி மாற்ற வேண்டும் என்று யாரும் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பம் இல்லாமல் தானாக முன்வந்து ஒன்றை எடுத்து முடிக்கும் வழக்கம் எனக்குச் சர்வீஸிலும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தவறாமல் அங்கே சாப்பிடப் போகிறேன். சோபாவில் அந்தப் படத்துக்கு நேர்கீழே, அதற்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்துகொள்கிறேன். அப்பாவுக்கு என்ன அடக்கம் என்று மகள் சொல்கிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திதான் சாப்பாடு முடியும்வரை அந்த நாரையைப் பார்த்தாக வேண்டும். பார்த்துக்கொண்டேதான் பேசுகிறார்.