சங்கேத அண்ணாச்சியும் என் சந்தேகமும்

மேலகரம் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: ஐந்தருவி சாலை சங்கேதக் காட்சியகத்தின் வாசல் பல்பு பீஸ் போய்விட்டது. மாற்ற வேண்டிய சுடலைமுத்து அண்ணாச்சி போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார். செய்தி சொன்ன நண்பன் காஜாவிடம், "பொய் சொல்லாதலே" என்றேன். அண்ணாச்சி விஷயத்தில் எதையும் உடனே நம்பிப் பழக்கமில்லை எனக்கு.

அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு முன்னறையில் பழைய வயர்லெஸ் பெட்டி, மோர்ஸ் கட்டை, எழுத்துகள் சுழலும் மரச்சக்கரம் எல்லாம் வைத்திருந்தார். போர்க்காலத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்தாராம். நானும் காஜாவும் போய்ப் பார்த்தோம். காட்சி இருந்தது, சாட்சி இல்லை. சங்கேதக் காட்சியகமா, சந்தேகக் காட்சியகமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சந்தேகத்தில் அவர் எனக்கும் அண்ணாச்சி. அருவியில் குளிக்க வந்த சென்னைக்காரர் ஒருவர் அவரிடம் மணி கேட்டார். "மணி எதுக்குக் கேக்கிய? எவன் வரச் சொன்னான்?" என்றார் அண்ணாச்சி. வந்தவர் ஈரத்துண்டோடு ஓடியே போனார்.

அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு பொறி வைத்தேன். ஒரு தாள் நிறைய, மனம் போன போக்கில் எழுத்துகளைக் கிறுக்கினேன். அர்த்தமே கிடையாது. அர்த்தம் சொன்னால் ஆள் போலி.

"பழைய பெட்டியில கெடந்துச்சு அண்ணாச்சி. உடையுமா?"

"வச்சிட்டுப் போலே. தாளு புதுசா இருக்கு, ஒன் முழியுஞ் சரியில்ல."

அடுத்த வாரம் காஜாவின் கண்ணெதிரே தாளைத் திருப்பித் தந்தார். "என்னால ஆவலப்பா."

போதாதா எனக்கு? தாளில் அர்த்தமே இல்லை என்பதை மட்டும் மறைத்துவிட்டு, சங்கேதப் புலியைச் சாய்த்த சிங்கம் என்று தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை நானே தண்டோரா போட்டேன். டீக்கடையில் கேட்டார்கள்: "என்ன அண்ணாச்சி, பொடிப்பயகிட்ட வயர்லெஸ் அவுட்டாமே?" "ஆமாடே, பய கெட்டிக்காரன்" என்று சிரித்தார். பிறகு காட்சியகத்துக்கு ஆள் வருவது குறைந்தது. அவர் துஷ்டி வீட்டில்கூட, துக்கம் கேட்க வந்த ஒருவர், "பட்டாளத்துல சமையல்காரனா இருந்திருப்பாரு" என்றார். அது என் வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாளைத் திருப்பித் தந்த அன்று நடந்தது இதுதான். காஜாவை முதலில் டீ வாங்க அனுப்பிவிட்டு, அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது சங்கேதமே இல்லலே, வெறும் கிறுக்கல். ஆனா மனுசக் கை சும்மா கிறுக்காது. 'ஞ'வ எவம்லே சும்மா எழுதுவான்? நீ வரிக்கு ரெண்டு போட்டிருக்க. பக்கத்துலயே இன்ன இன்ன எழுத்து." ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயரை முழுசாக வாசித்தார். "யாருலே இது?"

காஜா டீயோடு படியேறும் சத்தம் கேட்டது.

"உடைக்கது பாதி வேலதாம்லே. வெளிய சொல்லாம இருக்கதுதான் மீதி" என்று சொல்லிவிட்டுத்தான், காஜா முன்னால் தோற்றவராக என்னிடம் தாளை நீட்டினார்.

அந்த மீதி வேலையைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் பாஸாகவில்லை. 'ஞ'வை அச்சிலேயே ஏற்றிவிட்டேன். எங்கள் வகுப்பில் அந்த எழுத்தில் பெயருள்ளவள் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள்.