வெளியே நின்றுவிட்டுப் போனவர்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் பெருமையைத்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது வெட்கம்தான். அதை மறைத்து எழுதினால் அம்மா எங்கிருந்தாலும் திட்டுவார். திட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது.

அம்மா பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். வாழ்க்கைப்பட்டு வந்தது கொட்டகலைக்கு. அப்பா கண்மூடியபோது நானும் தம்பியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதன் பிறகு மழையோ பனியோ, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்று, கொழுந்து பறித்தே எங்களைப் படிக்கவைத்தார். அட்டை கடித்த காலோடு வந்து அடுப்பை மூட்டுவார். அந்த நேரத்திலும் வாசலில் யார் போனாலும் கூப்பிட்டுப் பேசுவார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமே கிடையாது.

"எதுக்கும்மா போறவங்க வாறவங்கள எல்லாம் கூப்பிடுறீங்க?" என்று நான் சலித்துக்கொள்வேன்.

"ஒனக்கு எங்கடி வலிக்குது? பேசுறது என் வாய்தானே?" என்பார்.

நான் ஆசிரியையானேன். தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போனான். தன் பாடு முடிந்தது என்று அம்மா மூச்சு விட்ட நேரத்தில்தான் நோய் வந்தது.

நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கவும் நுவரெலியாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் பார்வையும் ஏற்கெனவே மங்கிப்போயிருந்தது. பாடசாலை விட்டதும் பஸ் பிடித்து ஓடுவேன். எப்போது போனாலும் அம்மாவின் தலை வாரிப் பின்னியிருக்கும், முகம் துடைத்திருக்கும். தாதிமார் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவோட மக இருக்காளே, தங்கமான புள்ளடி..." என்று அம்மா ஆரம்பிப்பார்.

"சரிம்மா, மொதல்ல கஞ்சியக் குடிங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். அந்த மகள் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தருவார். வாங்கி உட்காருவேன். ஒரு நாளாவது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

கடைசி நாள் காலையில், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தெரிந்ததும், நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். முதலில் பாடசாலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, லீவு சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். வார்டுக்குள் நுழைந்தபோது அம்மாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். சுற்றிலும் யார் யாரோ நின்றார்கள், என் கண்ணில் ஒருவரும் படவில்லை. "பெத்த புள்ளைங்க கையால ஒரு வாய்த் தண்ணி இல்லாமப் போயிட்டாங்களேக்கா" என்று, பின்னாலேயே கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுவதற்குக்கூட முகமில்லை.

எழவு வீட்டில் வருகிறவரை 'வாங்க' என்று அழைப்பது நம் வழக்கமில்லை. போகிறவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அன்று வாசலுக்கு வெளியே, வெள்ளைக்கொடி கட்டிய கம்பத்தருகே, தூறலில் ஒரு சிங்களப் பெண் வெகுநேரம் நின்றார். பார்த்தேன். பந்தல்காரரோடு வந்தவரோ என்னவோ என்று திரும்பிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு பையை நீட்டினார். உள்ளே, எழவு வீட்டுக்குக் கொண்டுவருகிற சீனியும் தேயிலையும் இருந்தன.

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்களோட மகளாம். இதக் குடுத்துட்டு அழுதுக்கிட்டே போகுது. ஏன்டி, உள்ளுக்கு வான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"எழவு வீட்டுல எப்பிடி சின்னம்மா வாங்கன்னு சொல்றது?"

"நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா? நனைஞ்சுக்கிட்டுல்ல நின்னுச்சு!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நல்லவேளை, சின்னம்மா ஊரைக் கேட்டுவைத்திருந்தார். உடப்புசல்லாவைக்கு அந்தப் பக்கம். கருமாதி முடிந்ததும் தம்பியும் நானும் தேடிப் போனோம். மரக்கறித் தோட்டத்துக்கு நடுவே சின்ன வீடு. அவர் பெயர் குசுமா என்பதையே வழி விசாரித்த கடையில்தான் தெரிந்துகொண்டோம். எங்களைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: வாங்க என்று சொல்லாதது எங்கள் வழக்கம், உங்களை வேண்டாம் என்று நினைத்தல்ல, மன்னிக்க வேண்டும்.

"அது தெரியும் டீச்சர்" என்றார். நான் டீச்சர் என்று அம்மா சொல்லியிருப்பார். "சின்ன வயசில இருந்து தமிழ் ஆளுங்க பக்கத்திலதான் நாங்க இருக்கோம். தெரிஞ்சவங்க செத்தா உள்ளுக்கே போயிருவேன். ஒங்க வீட்டுக்குள்ள வரத்தான் பயமா இருந்துச்சு."

"ஏங்க?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அன்னைக்குக் காலையில அம்மா 'பாப்பா, பாப்பா'ன்னு கூப்பிட்டாங்க. கண்ணு தெரியல, கைய நீட்டித் தேடுனாங்க. என்னால தாங்க முடியல. 'இங்கதான் இருக்கேம்மா'ன்னு சொல்லிட்டேன். தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். என் கைய ஒங்க கைன்னு நெனச்சு, புடிச்சுக்கிட்டே போயிட்டாங்க. ஒங்க எடத்தில நான் நின்னுட்டேன். சாகப்போறவங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க டீச்சர்."

தலை நரைத்த பிறகும் அம்மாவுக்கு நான்தான் பாப்பா. தம்பி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்! அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எங்கள் துயரில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், குழி வெட்டிய தோட்டத்து இளைஞர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த வீடுகளுக்கும், பாடசாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலில் சொல்ல வேண்டியவருக்குக் கடைசியில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குசுமா அக்கா, மகள் வந்துவிட்டாள் என்று நம்பித்தான் அம்மா கண்ணை மூடினார். நான் ஒரு பஸ் முன்னால் ஏறியிருந்தால், உங்களுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.