மேடையில் எழாத சாமுராய்

வார இதழில் தொடராக வந்துகொண்டிருந்த ஜப்பானியச் சரித்திரக் காதல் கதையை, எண்பதுகளில் செஞ்சித் திருவிழாவில் நாடகமாகப் போட்டார்கள். நாயகனான சாமுராய் என் கணவர். அவரை வெட்டும் எதிரி, தையற்காரர் காதர் பாய்.

வெட்டுப்பட்டு விழுந்தவர், காதலி அழுததும் எழவேண்டும். எழவில்லை.

"இன்னாமா செத்துக் கீறான் பாரு!" என்று பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார்.

அப்போதுதான், முன்வரிசையில் இருந்த நான், என் கணவரின் கழுத்தருகே பாம்பு நெளிவதைக் கண்டேன்.

காதர் பாயும் அதைப் பார்த்துவிட்டார். கூட்டம் மிரண்டால் பாம்பும் மிரளும் என்று நினைத்தாரோ என்னவோ, "அசையாதே! இது என் ஆணை!" என்று வசனம்போலவே முழங்கிக்கொண்டு வந்து, மூங்கில் வாளால் அதை நெம்பித் தூக்கி மேடைக்குப் பின்னால் வீசினார்.

"செத்தவன ஏன்டா குத்துற, பாவி?" என்று, பாம்பைக் கவனிக்காத கூட்டம் அவர்மீது செருப்பு வீசியது. அதற்குப் பிறகுதான் என் கணவர் காயமின்றி எழுந்து உட்கார்ந்தார்.

அதன்பின் வந்த வாரங்களில், கதையில் அந்த எதிரி செத்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் படித்தேன்.