குழாய் ஸ்பீக்கரில் வந்த ஐயா

போன ஞாயிற்றுக்கிழமை குருநகர் மரியநாயகம் அண்ணை ஒரு தலையணை உறையோடு வீட்டுக்கு வந்தார். உறைக்குள் ஓர் இசைத்தட்டு. விளிம்பில் நல்ல நீளமான வெடிப்பு!

தட்டில் பாடியிருப்பவர் அவருடைய தகப்பனார். நாட்டுக்கூத்தில் ராசா வேசம் கட்டியவர். அண்ணை தவழும் வயதில், தங்கச்சி வயிற்றில் இருந்தபோது, காய்ச்சலில் போய்விட்டார். வேறு பதிவு கிடையாது. தங்கச்சி இப்போது பிரான்ஸில். ஐயாவின் குரலை ஒருக்கால் கேட்க வேண்டும் என்று போனில் அழுகிறாளாம்.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரியும்தானே... இசைத்தட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் இந்த வெடிப்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் தட்டு இரண்டாகலாம். இரண்டு தரம்தான் போடுவேன் என்று முதலே சொல்லிவிட்டேன்.

ஏன் இரண்டு? அங்கேதான் எங்கள் இசைத்தட்டுக் கிறுக்கர் கூட்டத்தின் பழைய சண்டை. தட்டு வெட்டும்போது பேஸ் என்ற கனத்த ஒலியைக் குறைத்து, ட்ரெபிள் என்ற கீச்சொலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். ஓடவிடும்போது அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அனலொக் ப்ரீஆம்ப் என்ற பெட்டி அதை உடனே செய்யும். டிஜிட்டல்காரர்கள் அப்படியே பச்சையாகப் பதிந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் திருத்துவார்கள். எது உண்மையான ஒலி? இன்டர்நெட்டில் இதற்காக வெட்டுக்குத்து நடக்கிறது. நான் அனலொக் கட்சி. ஆனாலும் இது ஒற்றைத் தட்டு. இரண்டு விதமாகவும் பதிந்து வைப்போம் என்று நினைத்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரமும் ஓடவிட்டேன். தட்டு தப்பியது. கடவுளே!

முதலில் அனலொக் பதிவைப் போட்டேன். கனமான, அடிவயிற்றிலிருந்து எழும் குரல். எனக்குப் புல்லரித்தது. அண்ணையின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

"இது ஐயா இல்லைத் தம்பி. இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம் றெக்கோட் மாறிப்போச்சுப் போல."

தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் மனுசி கொண்டுவந்த தேத்தண்ணியைத் தொடவே இல்லை.

ஆற்றாமையில், மற்றதையும் கேட்டுப் பார்ப்போம் என்று டிஜிட்டல் ஃபைலைத் திறந்தேன். பதற்றத்தில் அதைத் திருத்த மறந்துபோனேன். பேஸே இல்லாமல், தகரத்தில் கீறுவது போலக் கீச்சென்று வந்தது. நிறுத்தக் கையைக் கொண்டு போனேன்.

அண்ணை என் கையைப் பிடித்தார்.

"விடு தம்பி. உதுதான் எங்கடை ஐயா."

கண்ணீர் வழிய, அவரும் சேர்ந்து பாடத் தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை.

பிறகுதான் விசயம் விளங்கியது. இந்தத் தட்டைப் பெருநாளுக்குப் பெருநாள் கோயிலடிக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் போடுவார்களாம். அண்ணையும் தங்கச்சியும் தகப்பனை அறிந்தது அந்தக் குழாய் வழியாக மட்டும். குழாய் ஸ்பீக்கருக்கு ஏது பேஸ்?

அப்பாடா... தட்டும் மாறவில்லை, ஐயாவும் மாறவில்லை. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அண்ணை ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

உண்மையான ஒலி எது என்று நாங்கள் பெட்டிகளை வைத்துக்கொண்டு அடிபடுகிறோம். காது முதலில் யாரிடம் பழகியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டு ஃபைலையும் பிரான்ஸுக்கு அனுப்பினேன். சரியாக இருந்ததற்கு 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்தேன். பிழையாக இருந்ததற்கு 'ஐயா' என்று.