வாய் திறக்காமல் வாவியில் இறக்கிய பஸ்

1. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்

கொண்டக்டர் வேலைக்கு நான் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. அறுபதுகளின் நடுப்பகுதி. காக்கி உடுப்பு, தோளில் தோல் பை, கையில் டிக்கட் கட்டு. இவ்வளவும் கிடைத்ததும் டவுனில் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தலைகால் தெரியவில்லை. பஸ் ஓடுவது ஸ்டியரிங் பிடிக்கிற றைவரால் அல்ல, என்னால்தான் என்று மனதார நம்பினேன்.

என் றைவர் பெயர் சிவலிங்கம். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. கல்குடாக்காரன்; ஆரையம்பதியில் கலியாணம் முடித்து ஆறு மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. புது மருமகனுக்கு அங்கே மரியாதை ஒன்றுதான் சொத்து. போதாக்குறைக்கு அவனுக்கு வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு அக்சிடன் பதிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீடென்றால் மாமியார் வீடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தது வாயைத் திறக்கும்போது ஞாபகம் வர வேண்டுமே!

டவுனிலிருந்து ஆரையம்பதி வழியாக, வாவிக் கரையில் தோணி பிடிக்கிற மண்முனைத் துறையடிக்குப் போகிற பஸ் எங்களுடையது. அன்று ஆரையம்பதிக் கோயிலடியில் நிறுத்தச் சொல்லி ஒரு மணி அடித்தேன். பஸ் நிற்காமல் ஒரு வீட்டு வளவு தூரம் தள்ளிப்போய் நின்றது. இறங்க வேண்டிய கிழவர் முணுமுணுத்தார். உடனே நான் பின்னாலிருந்து ஒரு கத்துக் கத்தினேன்.

"என்ன றைவர், மணியடிச்சாக் காதுங் கேக்கல்ல, கோயிலடி வந்தாக் கண்ணுந் தெரியல்ல! உமக்கு ஆர் லைசன்ஸ் குடுத்த?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் சீற்றில் இருந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தார். அவர்தான் சிவலிங்கத்தின் மாமி, பெண்சாதியின் தாய், என்று டிப்போவுக்குத் திரும்பிய பிறகு டைம்கீப்பர் சொன்னார்.

2. மூன்று கிழமை

அடுத்த நாள் காலையில் டிப்போ மூலையில் சிவலிங்கத்திடம், "நான் சும்மா பகிடிக்கெல்லுவா சொன்னன்" என்றேன். அவன் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பஸ் நிறைய ஆட்களுக்கு நடுவே கழற்றிய மானத்தை, ஒருவருமில்லாத மூலையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்த என் புத்தியை என்னவென்று சொல்ல! அவன் பேசவில்லை என்றதும் எனக்கும் ரோசம் வந்தது. போடா, நீ இல்லாவிட்டால் எனக்கென்ன என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. இந்த இரண்டையும் வைத்தே மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், தொழில் நடத்தினோம். அவசரமென்றால் முன்சீற்றில் இருப்பவர்தான் தூது. "அந்தாளிட்டச் சொல்லுங்க, பின் ரயரில காத்துக் குறைவாம்." துறையடித் தேநீர்க் கடைக்கார முஸ்லிம் நானா எங்கள் இருவருக்கும் வாங்குப் பலகையின் இரு முனைகளில் கிளாசை வைத்துவிட்டு, "இதென்ன தம்பி, புருசன் பொஞ்சாதிச் சண்டையா?" என்று கேட்டார்.

துறையடியில் பஸ்ஸைத் திருப்ப வேண்டுமென்றால் வாவிப் பக்கமாகப் பின்னுக்கு எடுக்க வேண்டும். கொண்டக்டர் கீழே இறங்கிப் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பான், போதுமென்றால் "நில்லு" என்பான். குரல்தான் கொடுக்க முடியாதே எனக்கு! பஸ்ஸின் பின் தகரத்தில் தட்டுவேன். இரண்டு தட்டு என்றால் வா, ஒரு தட்டு என்றால் நில்.

3. ஒரு தட்டும் இன்னொரு தட்டும்

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் இரண்டு தட்டுத் தட்டினேன், பஸ் பின்னுக்கு வந்தது. கரை கிட்டியதும் ஒரு தட்டுத் தட்டினேன். இஞ்சின் இரைச்சலோ என்னவோ, பஸ் நின்ற மாதிரித் தெரியவில்லை. "நில்லு" என்று ஒரு சொல் கத்தினால் காரியம் முடிந்தது. மானம் விட்டால்தானே! இன்னொரு தட்டு, கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு. கீழ்ப்படிவுள்ள றைவர் பின்னுக்கு வந்தான்.

நான் பாய்ந்து விலகி, டிக்கட் பையோடு இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். பஸ்ஸின் பின்சில்லு இரண்டும் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டன. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போகத் தோணிக்கு நின்ற அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். அதில் சிவலிங்கத்தின் மாமியும் இருந்தார்.

அவர் மருமகனின் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "அண்டைக்கு அந்தக் கொண்டக்டர் தம்பி சொன்னது சரிதான் கா. இவருக்குக் காதுங் கேக்கல்ல, கண்ணுந் தெரியல்ல. என்ட புள்ளயக் கொண்டுபோய் இவருக்குக் குடுத்தமே!"

சிவலிங்கம் படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ரெண்டு தட்டினது அவன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் தட்டிய தட்டால் அவனுடைய வேலையும் போகப் போகிறது, நான் சொன்ன சொல்லால் வீட்டு மரியாதையும் போகப் போகிறது. வெட்கத்தில் அப்படியே தண்ணீருக்குள் மூழ்கிவிடலாம் போலிருந்தது. இடுப்பளவுதான் தண்ணீர், அதற்கும் வழியில்லை.

"மாமி!" என்று கத்தினேன். "பிழை முழுக்க என்னில! நிண்டுகொள்ளச் சொல்லி வாயால சொல்லாம ரெண்டாம் தட்டுத் தட்டினவன் நான்தான். அண்டைக்கு பஸ்ஸுக்குள்ள கத்தினதும் என்ட கொழுப்பு. மணிக்கயிறு இழுத்துப் பழகாத கை, மணி அடிபட்டுதோ எண்டே எனக்குத் தெரியா. அவரில ஒரு குத்தமும் இல்ல!"

சனம் திரும்பவும் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. சிவலிங்கம் கரைக்கு வந்து கையை நீட்டினான். மூன்று கிழமைக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்: "இந்தத் தொண்டைய ஒரு நிமிசம் முந்தித் திறந்தா என்னடா உனக்கு?"

தோணிக்காரர்கள் வடம் கட்டிப் பஸ்ஸை இழுத்தெடுத்தார்கள். டிப்போவிலும் அதையே சொன்னதும், "இத எழுத்தில தாறியா? தந்தா நீதான் வீட்ட இருக்கணும்" என்றார் மனேஜர். எழுதிக் கொடுத்தேன். இரண்டு கிழமைக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த மாதம் சிவலிங்கத்துக்கு வேலை நிரந்தரமானது.

4. திரும்பி வந்த அன்று

பிறகு நான் டைம்கீப்பராக, இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் யாரிடமாவது பிழை கண்டால் தனியே கூப்பிட்டுக் காதோடு சொல்வேன். என் பிழையென்றால் நாலு பேருக்கு நடுவில் சொல்வேன். இதை எனக்கு ஒரு புத்தகமும் படிப்பிக்கவில்லை. நான் தேறிவிட்டேனா என்று சோதித்துப் பார்த்ததும் சிவலிங்கம்தான்.

தண்டனை முடிந்து ஏறிய முதல் நாள். மூன்றாம் சீற்றில் மாமி. கோயிலடிக்கு ஒரு மணி அடித்தேன், நன்றாகவே கேட்டது. பஸ் நிற்கவில்லை. ஒரு வளவு தள்ளிப்போய் நின்றது. பஸ்ஸிலிருந்த முழுப்பேரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள். நான் பின்னாலிருந்து முன்வரை நடந்துபோய், குனிந்து, அவன் காதுக்குள் சொன்னேன்.

"மச்சான், கோயிலடி தாண்டிப் போச்சு."

"தெரியும்" என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடி. "நீ எப்பிடிச் சொல்றாய் எண்டு பாத்தன்."