ராத்தாவின் ரத்தம், ஒஸ்தாவின் கை

என் அக்கா மகனின் வெள்ளைச் சாரனில் முதலில் ஒரு காசளவு சிவப்புத்தான் தெரிந்தது. சுன்னத்துக் கலியாண வீட்டில் அது யாரையும் பதறவைக்காது. பந்தலுக்குள் சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் சாரனை மாற்றினோம். மஃரிபு பாங்கு சொல்வதற்குள் அதுவும் நனைந்துவிட்டது. அவனுடைய தாய், என் ராத்தா, கிணற்றடியில் குந்தியிருந்து ஒவ்வொரு சாரனாக அலசிக்கொண்டிருந்தார். எத்தனை வாளி ஊற்றினாலும் தண்ணீரின் நிறம் மாறவில்லை. அப்போதுதான் அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். "தம்பி, இது நிக்கிற ரத்தமில்லடா. ஓட்டோவக் கூட்டிட்டு வா."

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தைத்த இடத்திலிருந்தும் கசிந்தது. யார் யாருடையதோ ரத்தத்தைப் பை பையாக ஏற்றி, நாலைந்து நாள் கழித்துத்தான் என் மருமகனின் முகத்தில் உயிர் தெரிந்தது. சுன்னத்துச் செய்த ஒஸ்தா மாமா, எங்கள் ஊர் நாவிதர், மறுநாள் காலையிலேயே வந்து வார்ட்டு வாசலில் நின்றார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அவர் கையால் சுன்னத்தானவர்கள். நானும் அதில் ஒருவன். ராத்தா அவரை உள்ளே வரவிடவில்லை. "உங்கட கை தப்பிட்டு. என்ட புள்ளயக் கொல்லப் பாத்தீங்க. இனி இந்தக் கையால யார்ட புள்ளயையும் தொடாதீங்க" என்று தாதிமாரும் நோயாளிகளும் கேட்கச் சத்தம் போட்டார். அவர் கொண்டுவந்த தோடம்பழப் பையை வாசல் ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சொல் ஊரெல்லாம் சுற்றியது. பிள்ளைகளை டாக்டரிடம் கொண்டுபோகும் வழக்கம் அப்போதே தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக் கதை அதற்கு ஒரு நல்ல காரணமாகிவிட்டது. கொஞ்ச நாளில் ஒஸ்தா மாமா தொழிலை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் மருமகன் சைக்கிளிலிருந்து விழுந்தான். காயம் இல்லை, ஆனால் முழங்கால் இளநீர்க்காய் போல வீங்கியது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, கொழும்புக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். இறக்காமத்து நெல்லை வாங்கிக் கொழும்பில் விற்கிற தொழில் எனக்கு. ஆகவே நான்தான் கூட்டிப்போனேன். தமிழ் தெரிந்த ஒரு பெண் வைத்தியர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ராத்தாவுக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னார். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்று இவன் உடம்பில் மிகக் குறைவாக இருக்கிறது. அதைச் செய்வது ஈரல். குறை பிறப்பிலேயே வந்தது. தாய் வழியாக வருவது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் வருத்தும். சுன்னத்தன்று யார் வெட்டியிருந்தாலும் இப்படித்தான் ஓடியிருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தா மகனின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பஸ் மகியங்கனையைத் தாண்டியது. பிறகு, "தம்பி, இத ஊருக்குள்ள கதைச்சிராத. எனக்கொரு பொம்புளப் புள்ள இரிக்கி. தாய்ட ரத்தத்துல குறையெண்டு தெரிஞ்சா ஆரு அவளக் கட்டுவா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் பயந்தது வீண் பயமில்லை. சம்பந்தம் பேசும் வீடுகளில் இதைவிடச் சின்னச் செய்திகளே போதுமாக இருந்தன.

ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. அவள் தம்பி, என் மருமகன், வளர்ந்தான். ஓடாதே, ஏறாதே, பந்து விளையாடாதே என்று ராத்தா அவனைக் கண்ணுக்குள்ளேயே வைத்திருந்தார். ஆனால் மீசை அரும்பிய காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அடிபட்டால் வீங்குவது குறைந்தது. பல்லில் வரும் ரத்தம் தானாக நின்றது. கொழும்பில் மறுபடி பார்த்தபோது அந்தப் புரதத்தின் அளவு உயர்ந்திருந்தது. வைத்தியர் அவனுடைய ரத்தத்தை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். உடம்பின் எல்லாக் கலங்களிலும், அதாவது செல்களிலும், ஒரே மரபணு எழுத்துத் தொடர்தான் இருக்கிறது. அதில் இந்தப் புரதத்துக்கான பகுதியை ஈரல்தான் வாசித்துச் செய்கிறது. என் மருமகனிடம் அந்தப் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. அவன் உடம்பு செய்த புரதம் மற்றவர்களுடையதைப் போன்றதே. பிழை அதற்குச் சற்று முன்னால் இருந்தது. எவ்வளவு செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது. அதனால் சின்ன வயதில் ஈரல் அதை மிகக் கொஞ்சமாகவே செய்தது. ஆண் பிள்ளை பருவமடையும்போது சுரக்கும் ஓமோன், அதே இடத்தில் வேறு வழியாக வேலை செய்து அளவைக் கூட்டிவிடுகிறது. இப்படியான வகை மிக அபூர்வம் என்றார்.

ராத்தா ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த எழுத்து என்ட மகளுக்கும் போயிரிக்குமா, டொக்டர்?"

"போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம்."

மகன் சுகமாகிவிட்டான். இனி யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அடுத்த வருடம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த நாற்பது நாளுக்குள் டாக்டரிடம் சுன்னத்தை முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் நாள் குறித்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் ராத்தா புர்கா போட்டுக்கொண்டு நற்பிட்டிமுனைப் பக்கம் இருந்த சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். போன இடத்தில் தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "இந்தப் புள்ளய இப்ப வெட்டப்படா. என்ட ரத்தத்துல ஒரு குறை இரிக்கி. கலியாணத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும். மறைச்சிட்டன்" என்றார்.

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு ரத்தம் பார்க்க வந்தான். குழந்தைக்கும் அதே குறை. மாதக்கணக்கில் அந்த வீட்டில் ராத்தாவோடு யாரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் கொழும்பில், அந்தப் புரதத்தையே ஊசியாக ஏற்றி, குழந்தைக்குச் சுன்னத்துச் செய்தார்கள். சாரன் நனையவில்லை.

உண்மையைச் சொன்ன அன்றே, சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பிய கையோடு ராத்தா ஒஸ்தா மாமா வீட்டுக்கும் போனார். "மாமா, குறை உங்கட கையில இல்ல, என்ட ரத்தத்துல. மாப்புத் தாங்க" என்றார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "எப்ப இருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ராத்தா சொல்லவில்லை. "அவன்ட முழங்கால் வீங்கின காலத்துல இருந்து."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் வந்துவிட்டோம். அதன் பிறகு ராத்தா போகிற கலியாண வீடு, மவுத்து வீடு எல்லாவற்றிலும் இதைச் சொன்னார். "நான் அந்த மனிசன்ட பேரில அபாண்டம் சொன்னன்" என்று தொடங்குவார். ராத்தா மவுத்தாகி இரண்டு நோன்பு கடந்துவிட்டது. இன்றைக்கு எங்கள் ஊரில் சுன்னத்துக்கு முன் தாய் வழியில் யாருக்காவது ரத்தம் நிற்காத வியாதி உண்டா என்று பெண்கள் தாங்களாகவே விசாரிப்பதைக் கேட்கும்போது, அவருடைய குரல் எனக்குக் கேட்கிறது.

ராத்தா உயிரோடிருந்த காலத்தில் ஒஸ்தா மாமா ஒரு நாள் எங்கள் வாசல் படலைக்கு வந்தார். பேரக் குழந்தையைக் கொழும்பிலிருந்து கூட்டிவந்த அந்த வாரம்தான். குழந்தையை அவர் கேட்கவில்லை. "மூத்தவன் எங்க? நான் சுன்னத்து வெச்சவன், அவனப் பாக்கோணும்" என்றார். மருமகன் வந்து நின்றான். தாடி கண்டபடி வளர்ந்திருந்த முகம். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ராத்தாவிடம் திரும்பினார்.

"ஆக்கள் கூப்பிடல்ல எண்டு நான் தொழில விடல்ல, மகள். கூப்பிட்டவங்களும் இருந்தாங்க. என்ட கை தப்பிட்டு எண்டு நானும் நம்பிட்டன். என்ட சொந்தப் பேரனுக்கே வேற ஆளத்தான் கூப்பிட்டன்."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்தார். மன்னித்தேன், மாப்புத் தந்தேன் என்று ஒஸ்தா மாமா அன்றும் சொல்லவில்லை. மருமகனைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப காயம்பட்டா ரத்தம் நிக்கிதா?"

"ஓம் மாமா. நிக்கிது."

"அப்ப இரி. அந்தத் தாடிய ஒதுக்கிவிடுறன்."

மருமகன் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்து முகத்தை உயர்த்தினான். ராத்தா உள்ளே போய், தையல் மெஷினின் இழுப்பு லாச்சியைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்துவந்து, ஒஸ்தா மாமாவின் கையில் வைத்தார்.